பழைய தராசை அறிவதும் மதிப்பதும்



ஒரு கடையிலே பல்லாண்டு காலம் அரிசியையும் பருப்பையும் கருவாட்டையும் நிறுத்துக் கொடுத்த தராசுக்கு முதுமைக் காலத்தில் ஒரு விசித்திரமான முடிவு நேர்கிறது. பழைய உலோகம் வாங்க வருகின்ற வியாபாரி அதைத் தூக்கித் தம்முடைய தராசிலே மாட்டி நிறுக்கிறார். பித்தளை இத்தனை கிலோ, இரும்பு இத்தனை கிலோ என்று கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கொண்டுபோகிறார். பிறருடைய பண்டங்களுக்கெல்லாம் அளவு சொன்ன பொருள், இறுதியில் தானே ஒரு பண்டமாகி நிறுக்கப்படுகிறது. விற்றவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நிறையும் சரி, உலோகத்தின் விலையும் சரி. ஆனால் அவர் விற்றது வெறும் பித்தளைதானா என்பதே கேள்வி.

சப்பிரகமுவ மாகாணத்தில், அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மண்ணைத் தோண்டி மாணிக்கம் எடுப்பதும், மலைச்சரிவிலே தேயிலைக் கொழுந்து பறிப்பதும், தாழ்ந்த குன்றுகளிலே றப்பர்ப் பால் வெட்டுவதும் ஒரே மாகாணத்தில் நடைபெறுகின்ற தொழில்கள். ஆகவே ஓர் அரிசி மணியின் எடையையும் அறியவல்ல சிறு தராசு முதல், தேயிலைப் பெட்டியை ஏற்றி நிறுக்கும் பெருந்தராசு வரை எல்லா வகையும் இங்கே புழங்கியிருக்கின்றன. வீட்டுப் பரணிலோ, மூடிய கடையின் மூலையிலோ ஒரு பழைய தராசு கிடந்தால், அது எது, எக்காலத்தது, என்ன பெறும் என்பதை அறிந்துகொள்ளும் வகையை இப்பேச்சிலே பார்ப்போம்.

முதலில் தராசின் உறுப்புக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவிலே தாங்கப்பட்டு இரு பக்கமும் நீண்டிருப்பது கோல். கோலின் நடுவிலிருந்து எழுந்து சமநிலையைக் காட்டுவது நா. முள் என்றும் சொல்வார்கள். இரு முனைகளிலும் தொங்குபவை தட்டுக்கள். நிறுப்பதற்கு வைக்கும் கல் படிக்கல். கல் என்பது வழக்கேயன்றி, நம் கடைகளில் இருந்தவை பெரும்பாலும் இரும்பாலும் பித்தளையாலும் ஆனவை. கோலின் இரு கைகளும் ஒத்த நீளமுடையனவாய், நா நடுவில் நிற்குமாயின் அது நேரிய தராசு. நடுவு நிலைமை என்ற பண்புக்கு வள்ளுவர் இக்கருவியையே உவமையாக எடுத்துக்கொண்டார்.

இனி, மாணிக்கத் தராசைக் காண்போம். இரத்தினபுரியில் கல் விற்பவரும் வாங்குபவரும் கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு தராசையே நெடுங்காலம் பயன்படுத்தினர். மெல்லிய கோல், நூலில் தொங்கும் சிறு பித்தளைத் தட்டுக்கள், இவற்றை வைத்து மூடும் மரப்பெட்டி என்பன அதன் அடையாளம். நூல் புதியதாக இருப்பது ஒரு குறை அன்று. நூல் இற்றுப்போகும் பொருளாதலால் அதை மாற்றியே ஆகவேண்டும். கோலும் தட்டும் பெட்டியும் ஒன்றுக்கொன்று உரியனவா என்பதே பார்க்கவேண்டியது. பெட்டியிற் குடைந்த குழிகளில் கோலும் தட்டுக்களும் அசையாமற் பொருந்துமாயின் அவை ஒரு தொகுதியைச் சேர்ந்தவை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இத்தகைய பெட்டிகளிற் சிலவற்றில் சிவந்த விதைகள் கிடப்பதுண்டு. அவற்றைக் குப்பையென்று கொட்டிவிடலாகாது. குன்றிமணியும் மஞ்சாடி விதையும் பொன்னும் மணியும் நிறுக்கும் பழைய படிக்கற்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது தமிழ்நாட்டின் பழங்கணக்கு. மஞ்சாடி விதை ஏறத்தாழக் கால் கிராம் நிறையுடையது. மேல்நாட்டாரின் கரட் என்ற அளவும் இவ்வாறே ஒரு விதையிலிருந்து வந்ததுதான். மத்தியதரைக் கடற்கரையில் வளரும் கரோப் என்னும் மரத்தின் விதையே அதற்கு மூலம்.

கரட் படிக்கற்களைக் கொண்டு ஒரு தராசின் காலத்தை நன்றாக உணரலாம். முன்னாளில் கரட் என்பது ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டது. இலண்டனில் அது ஏறத்தாழ 205 மில்லிகிராம். 1907ஆம் ஆண்டில் நிறை அளவைகளுக்கான அனைத்துலகப் பொது மாநாடு, ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம் என்று வகுத்தது. பிரித்தானியாவில் 1914 முதல் இது சட்டமாயிற்று. பழைய கரட்டை அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பகுத்து, அறுபத்து நான்கில் ஒரு பங்கு வரை கொண்டுசெல்வர். புதிய கரட்டோ தசம முறையிற் பகுக்கப்படுவது. ஆகவே பெட்டியிலுள்ள மெல்லிய தகட்டுப் படிகளில் பின்னங்கள் பொறித்திருந்தால் அது பழைய முறை. புள்ளியிட்ட தசம எண்கள் இருந்தால் அது 1907க்குப் பிற்பட்டது. பழைய கணக்கில் 10 கரட் நிறையுள்ள கல் புதிய கணக்கில் 10.26 கரட்டாக நிற்கும். பாட்டனார் எழுதிவைத்த குறிப்பிலுள்ள நிறையும் இன்றைய நிறையும் ஒத்துவராவிட்டால் கல்லை மாற்றிவிட்டார்கள் என்று ஐயுறுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது கடைத் தராசு. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உத்தரத்திலிருந்து சங்கிலியிலே தொங்கும் கோல் தராசு. மற்றது மேசைமேல் வைக்கும் தராசு. இதன் தட்டுக்கள் கோலுக்குக் கீழே தொங்காமல் மேலே அமர்ந்திருக்கும். பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ரொபெர்வால் 1669ஆம் ஆண்டில் பாரிஸ் நகர அறிவியற் கழகத்தின் முன் காட்டிய தத்துவமே இவ்வகைத் தராசுக்கு அடிப்படை. மேற்கோலுக்கு இணையாகக் கீழேயும் ஒரு கோலை அமைத்து, இரண்டையும் நிமிர்ந்த தண்டுகளால் இணைத்தால், பண்டத்தைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் நிறை மாறாது. இந்த வசதியால் 19ஆம் நூற்றாண்டில் இது கடைக்காரர்களின் தராசாக உலகெங்கும் பரவியது. மேசைத் தராசு ஒன்று கிடைத்தால் அடியிலுள்ள மூடியைக் கழற்றி, கீழ்க்கோலும் இணைப்புத் தண்டுகளும் முழுமையாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே உறுப்புக் குறைந்தவை உண்டு.

தட்டு ஒன்றே உடைய, கோடுகள் பொறித்த தனிக்கோலும் சில வீடுகளில் இருக்கும். தமிழர் வெள்ளிக்கோல் என்று வழங்கிய வகை இது. படிக்கற்கள் பலவற்றைச் சுமக்க இயலாத வியாபாரிக்கு ஏற்ற கருவி. இக்கோலின் கோடுகள் எந்த அளவைக்கு உரியன என்பதை அறிந்த நிறைகளை வைத்தே கண்டறிய வேண்டும். கண்ணாற் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவது வகை தோட்டத் தராசு. கொழுந்து நிறுக்கும் இடத்திலே முக்காலி நட்டு, அதிலிருந்து தொங்கவிட்ட வில்தராசை மலையகத்து மக்கள் யாவரும் அறிவர். இழுக்கும் விசைக்கு ஏற்பச் சுருள்வில் நீளும் என்ற விதியை ரொபேர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678இல் வெளியிட்டார். அதன் பயனே இது. படிக்கல் வேண்டாம்; விரைவாக நிறுக்கலாம்; மழையிலும் மலையிலும் தூக்கிச் செல்லலாம். வட்டமான முகத்தில் முள் சுழல்வது ஒருவகை. நீண்ட பித்தளை முகத்திலே முள் கீழிறங்குவது மற்றொரு வகை. தொழிற்சாலையிலோ, தேயிலைப் பெட்டியும் றப்பர்க் கட்டும் ஏற்றி நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. இதன் படிக்கல்லைக் கண்டு பலர் மயங்குவர். வட்டமாய், ஒரு பக்கம் வெட்டுடைய அக்கல்லில் 112 இறாத்தல் என்று பொறித்திருக்கும். கையில் எடுத்தாலோ ஓர் இறாத்தலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். இது கள்ளப் படி அன்று. நெம்புகோலின் வலியால் ஒன்றுக்கு நூறாக நிற்பது. இத்தகைய கல் தனியே கிடைத்தால் அதற்குரிய மேடைத் தராசு எங்கேயோ இருந்தது என்பதற்கு அது சான்று.

வகையை அறிந்தபின் குறிகளைப் படிக்கவேண்டும். தராசின் மேலுள்ள எழுத்தும் முத்திரையும் அதன் பிறப்புச் சான்றிதழ் போன்றவை. முதலாவது, செய்தவர் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பகுதியிலிருந்து வந்த ஏவரி, வெஸ்ட் புரோம்விச்சிலிருந்து வந்த சோல்ட்டர் என்ற இரண்டு பெயர்களும் பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலெல்லாம் புகழ் பெற்றவை. முடிச்சிட்ட கயிற்றினூடே ஓர் அம்பு பாய்வது போன்ற சின்னம் சோல்ட்டர் நிறுவனத்தின் அடையாளம். ஏவரி நிறுவனம் சோஹோ என்னும் பழைய வார்ப்பாலையை 1895ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. ஆகவே ஏவரித் தராசு ஒன்றில் சோஹோ என்ற சொல் காணப்படின், அது 1895க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்று விற்பவர் சொன்னாலும், அத்தகடு வேறு கணக்குச் சொல்லும்.

இரண்டாவது, அரச முத்திரை. பிரித்தானிய முறையில் சோதித்து ஏற்றுக்கொண்ட படியிலும் தராசிலும் கிரீடமும் அரசரின் பெயரெழுத்துக்களும் பொறிப்பர். வி. ஆர். என்பது விக்ரோறியா மகாராணியின் காலம். அது 1901இல் முடிந்தது. ஈ. ஆர். என்பது ஏழாம் எட்வர்ட் காலமாகவோ, 1952இல் அரியணையேறிய இரண்டாம் எலிசபெத் காலமாகவோ இருக்கலாம். உடனிருக்கும் எண்ணைக் கொண்டு தெளியவேண்டும். ஜீ. ஆர். என்பது 1910 முதல் 1936 வரையுள்ள ஐந்தாம் ஜோர்ஜ் காலம், அல்லது 1936 முதல் 1952 வரையுள்ள ஆறாம் ஜோர்ஜ் காலம். இங்கிலாந்தில் 1879 முதல், எந்த ஊர்ப் பரிசோதகர் முத்திரையிட்டார் என்பதைக் காட்டும் எண்ணும் கிரீடத்தோடு சேர்க்கப்பட்டது. ஒன்றுமட்டும் நினைவிருக்கட்டும்: முத்திரை, சோதித்த காலத்தைக் காட்டுமேயன்றிச் செய்த காலத்தைக் காட்டாது. ஒரே படியில் இரண்டு மூன்று அரசர்களின் முத்திரைகள் இருப்பதுண்டு. அவற்றுள் மிகப் பழையதே, அப்படி இதற்கு முன்பே இருந்தது என்பதற்கு உறுதி.

இரும்புப் படியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு குழியும் அதனுள் ஈயமும் தெரியும். இதைக் கண்டு கலப்படம் என்று எண்ணவேண்டாம். வார்த்த இரும்பைச் சரியான நிறைக்குக் கொண்டுவர ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைப்பர். முத்திரையையும் அந்த மெல்லிய ஈயத்தின் மேலேயே பதிப்பர். முத்திரையோடு ஈயம் நிறைந்திருப்பது நல்ல படி. குழி வெறுமையாக இருந்தால் ஈயம் விழுந்துவிட்டது, அல்லது யாரோ சுரண்டிவிட்டார்கள். அந்தப் படி நிறை குறைந்தது.

மூன்றாவது, அளவையின் பெயர். 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், 112 இறாத்தல் ஓர் அந்தர் என்ற கணக்கு நம் நாட்டுக் கடைகளிலும் தோட்டங்களிலும் நெடுங்காலம் வழங்கியது. இன்றைய கணக்கில் ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். ஓர் அந்தர் ஏறத்தாழ 51 கிலோ. 1970களில் இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆகவே நம் ஊர்க் கடைத் தராசின் முகத்தில் கிலோ மட்டுமே குறிக்கப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் அம்மாற்றத்திற்குப் பிற்பட்டது. இறாத்தல் முகத்தின்மேல் கிலோக் காகிதம் ஒட்டியிருப்பின், இரண்டு காலத்திலும் அது உழைத்தது என்று பொருள். அந்தக் காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டாம்; அதுவும் ஒரு சாட்சி.

நாட்டு வரலாறும் காலத்தைக் கணிக்க உதவும். இந்நாட்டில் றப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டது 1876இல். கேகாலைக் குன்றுகளில் றப்பர்ப் பயிர் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனவே ஒரு றப்பர்த் தோட்டத்திற்கென்றே வாங்கிய தராசு அதற்கு முந்தியதாக இருத்தல் அரிது. திருகாணியையும் பார்க்கவேண்டும். தலையிற் சிலுவை வடிவமான வெட்டுடைய ஆணி 1930களில்தான் உலகில் வழக்கத்துக்கு வந்தது. பழைய தராசில் அது காணப்பட்டால் பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்கிறார்கள், அல்லது முழுத் தராசுமே புதியது.

புதியதைப் பழையதாகக் காட்டும் போலிகளும் சந்தையில் உண்டு. அழகுக்காக வார்த்து விற்கும் பித்தளைத் தராசுகளில் கோல் தாங்கும் இடத்தைப் பாருங்கள். மெய்யான தராசில் அவ்விடத்தே எஃகினால் ஆன கத்திமுனை ஒன்று இருக்கும். அதன்மேலேயே கோல் மெல்ல ஆடும். போலியில் ஓர் ஆணியே துளையிற் செருகப்பட்டிருக்கும். தட்டைத் தட்டினால் இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும். முத்திரை உளியால் அடித்துப் பதிந்திருந்தால் அதன் விளிம்பு கூர்மையாயும், பதிந்த ஆழம் சிறிது ஏற்றத்தாழ்வாயும் இருக்கும். வார்ப்பிலேயே வந்த முத்திரை மழுங்கி, சுற்றிலும் உள்ள பரப்பைப் போலவே மணல் மணலாக இருக்கும். தேய்மானமும் பேசும். கை பட்ட இடம் தேய்ந்து, கை படாத இடம் தேயாமல் இருப்பதே இயல்பு. எங்கும் ஒரே அளவாகக் கறுத்திருப்பது மருந்தினால் வந்த கறுப்பு.

அடுத்து, தராசு நேரியதா என்று சோதிக்கும் முறை. வெறுந்தட்டுக்கள் சமமாக நின்றால் தராசு சரி என்று பலர் நம்புகின்றனர். அது போதாது. கோலின் ஒரு கையைச் சிறிது நீளமாக்கி, அந்தப் பக்கத்துத் தட்டை அதற்கேற்ப இலேசாக்கிவிட்டால், வெறுந்தட்டில் நா நடுவிலேயே நிற்கும். ஆனால் நீண்ட பக்கத்தில் பண்டத்தை வைத்து நிறுத்தால், குறைந்த பண்டமே முழுப் படிக்குச் சமமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. ஒரு பண்டத்தை வலத்தட்டில் வைத்து நிறுங்கள். பிறகு அதே பண்டத்தை இடத்தட்டில் வைத்து நிறுங்கள். இருமுறையும் ஒரே நிறை காட்டினால் தராசு நேரியது. ஒருமுறை 15 அவுன்ஸும் மறுமுறை 16 அவுன்ஸும் காட்டினால் கைகள் ஒத்தவை அல்ல; மெய்யான நிறை ஏறத்தாழப் பதினைந்தரை அவுன்ஸ். வில்தராசுக்கு மாற்றித் தூக்கும் சோதனை பயன்படாது. நிறை தெரிந்த படியைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், சுமையை எடுத்தபின் முள் தொடங்கிய கோட்டிற்கே திரும்புகிறதா என்று பார்ப்பதுமே வழி. நெடுநாட் பாரம் தாங்கிய வில் தளர்ந்துபோவது இயற்கை.

இந்தச் சோதனை வெறும் விளையாட்டு அன்று. கடையிலே தராசு தவறினால் வாங்கியவருக்கு ஒருபிடி அரிசி குறையும். தோட்டத்திலே தராசு தவறினால் கூலியே குறையும். ஒரு நாளில் இத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். கூடினால் கூடிய இறாத்தலுக்குத் தனிக் காசு என்று கணக்கு வைத்த இடத்தில், செக்ரோலில் விழும் பேரைத் தீர்மானித்தது வில்தராசின் முள்ளே. 1927ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் குறைந்த அளவுக் கூலிக்கு இந்நாட்டில் சட்டம் பிறந்தது. சட்டம் கூலியை நிர்ணயிக்கலாம். ஆனால் முக்காலியின் கீழே முள்ளை வாசித்துச் சொல்பவரின் கண்ணையும் மனத்தையும் நிர்ணயிக்க அதனால் இயலாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை, நண்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று முறை கொழுந்து நிறுப்பது வழக்கம். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பது போக, முள் காட்டும் அரை இறாத்தலைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு ஒன்றரை இறாத்தல். இருபத்தைந்து வேலைநாளில் முப்பத்தேழரை இறாத்தல். பச்சைக் கொழுந்து நான்கு இறாத்தலுக்குச் சற்று மேலிருந்தால் ஓர் இறாத்தல் தேயிலை ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஒரு பெண்ணின் ஒரு மாத உழைப்பிலிருந்து எட்டு அல்லது ஒன்பது இறாத்தல் தேயிலைக்குரிய கொழுந்து கணக்கில்லாமற் போய்விடும். எல்லாத் தோட்டத்திலும் இப்படி நடந்தது என்று கூறுவது நம் கருத்தன்று. நேர்மையாக நிறுத்த கணக்கப்பிள்ளைகளும் உண்டு. ஆயினும் முள்ளைப் பார்த்தவர் ஒருவர், அதன்கீழ் நின்றவர் மற்றொருவர் என்ற நிலை இருக்குமட்டும் ஐயத்திற்கு இடமுண்டு. இன்று பல தோட்டங்களில் மின்னியல் தராசு வந்திருக்கிறது. எண் இருவருக்கும் தெரிய ஒளிர்ந்தால் அது நன்மையே.

இனி மதிப்புக்கு வருவோம். ஒரு பழைய தராசுக்கு நான்கு மதிப்புக்கள் உண்டு. முதலாவது உலோக மதிப்பு. பித்தளையின் அன்றைய விலையை நிறையாற் பெருக்கினால் அது கிடைக்கும். இது அடித்தளமேயன்றி முடிவன்று. இதற்குக் குறைவாக எவரும் கொடுக்கக்கூடாது என்பதற்கு மட்டுமே இக்கணக்கு உதவும். இரண்டாவது பயன் மதிப்பு. இது பழந்தராசுக்கு மிகக் குறைவு. இன்று வியாபாரத்தில் நிறுப்பதற்குரிய தராசு, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் சோதனையும் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும். இதற்கான சட்டம் 1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பழைய முத்திரையைக் காட்டிக் கடை நடத்த இயலாது.

மூன்றாவது சேகரிப்போர் தரும் மதிப்பு. இதைக் கூட்டுவன நான்கு. செய்தவர் பெயர் தெளிவாக இருத்தல். உறுப்புக்கள் முழுமையாக இருத்தல். படிக்கற்கள் ஒரே தொகுதியாக, ஒன்றும் குறையாமல் இருத்தல். முத்திரை தேயாமல் இருத்தல். படிகளைத் தனியாகவும் தட்டுக்களைத் தனியாகவும் விற்பவர் இரண்டிலும் நட்டமடைகிறார். ஏழு படிகள் கொண்ட தொகுதியில் ஒன்று காணாமற்போனால் ஏழில் ஒரு பங்கு மட்டும் விலை குறைவதில்லை. அதனினும் மிகுதியாகக் குறையும். பழமையாலே மட்டும் விலை உயராது என்பதையும் அறியவேண்டும். பல்லாயிரக்கணக்கில் வார்த்து வெளிவந்த கடைத் தராசு, வயது மிகுந்திருந்தாலும் அருமையானது அன்று. பெட்டியோடும் பழைய கரட் படிகளோடும் கூடிய மாணிக்கத் தராசு, வயது குறைந்திருந்தாலும் கிடைப்பதற்கு அரியது.

விலை கேட்கும்போது ஒருவரிடம் மட்டும் கேட்கலாகாது. வாங்க விரும்புபவர் சொல்லும் விலையும், வாங்காமல் மதிப்பிட்டு மட்டும் சொல்பவரின் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. அதே வகைத் தராசுக்கு விற்பவர்கள் கேட்கும் விலையை அல்ல, மெய்யாக விற்றுத் தீர்ந்த விலையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது மதிப்பு, அது இருந்த இடத்தின் மதிப்பு. பலாங்கொடையிலோ, இறக்குவானையிலோ, தெரணியகலையிலோ, எட்டியாந்தோட்டையிலோ இன்ன கடையில், இன்ன தோட்டத்தில், இன்ன காலத்தில் இத்தராசு தொங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியுமானால், பெயரறியாத பித்தளை ஒன்று வரலாற்றுப் பொருளாக மாறுகிறது. 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறின. பழைய கம்பனிகளின் பெயர்கள் மறைந்தன. தராசின் தகட்டிலோ, மேலே பூசிய வர்ணத்திலோ அப்பெயர்களுள் ஒன்று மங்கலாக இருந்தால் அதுவே அதன் சிறந்த பகுதி. கடையின் பழைய கணக்கேடு, வாங்கிய பற்றுச்சீட்டு, தராசின் முன் எடுத்த புகைப்படம் ஆகியவை இருந்தால் தராசோடு சேர்த்தே வைக்கவேண்டும்.

பாதுகாக்கும் முறையும் இதனோடு தொடர்புடையது. விற்பதற்கு முன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பொன்போலாக்குவது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும், தராசுக்குத் தகாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் முத்திரை சிறிது அழிகிறது. படியின் நிறையும் மயிரளவு குறைகிறது. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தல் போதும். இரும்புக்கு வர்ணம் பூசலாகாது. வில்தராசில் சுமையைத் தொங்கவிட்டு வைக்கலாகாது. மாணிக்கப் பெட்டியிலுள்ள தகட்டுப் படிகளை விரலால் எடுக்காமல் சிறு குறட்டால் எடுக்கவேண்டும். விரலின் வியர்வையும் அங்கே ஒரு நிறைதான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்று கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. நாம் பேசிய கடைத் தராசுகளும் தோட்டத் தராசுகளும் அதற்குப் பிற்பட்டவை. ஆனால் நாட்டுக்கு வெளியே பண்பாட்டுச் சொத்துக்களை அனுப்புவதற்கு 1988ஆம் ஆண்டின் சட்டம் வேறு கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறது. பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் முதலில் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்டறிதல் நன்று.

விற்பதா, வைத்திருப்பதா என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. வறுமையில் விற்பவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் விற்பதற்கு முன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? இது நிறுத்த பண்டம் எது? எவ்வளவு வரை நிறுக்கும்? முத்திரையிட்டவர் யார், எப்போது? இது யாருடைய கையில், எந்த ஊரில் இருந்தது? விடைகளை ஒரு தாளில் எழுதி, பொருளோடு கட்டிவையுங்கள். முதல் நான்கு வினாக்களுக்கும் தராசே விடை சொல்லும். ஐந்தாவதுக்கு மனிதர்தாம் விடை சொல்ல முடியும், அவர்களோ முதியவர்கள். அதை இன்றே கேட்டெழுத வேண்டும்.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கம்பளைக்கு அண்மையில், பழைய லயன் அறைகளிலேயே, தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் 2007இல் அமைந்தது. இவ்விரண்டும் மத்திய மாகாணத்தில் உள்ளவை. சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாறோ இன்னும் பெரும்பாலும் வீடுகளின் பரணிலேதான் கிடக்கிறது. அவற்றை உடையவர்கள் அறிந்து காத்தாலன்றி அது பொது இடத்திற்கு வந்துசேராது.

ஒரு தராசின் மதிப்பைப் பித்தளை வியாபாரியின் தராசு சொல்லிவிட முடியாது. அதன்கீழ்க் கூடையோடு நின்றவருக்கு அது முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்ப்புச் சொன்ன பொருள். அத்தீர்ப்பு நேராக இருந்ததா என்பதை இன்றும் சோதித்தறியலாம். கோலும் வில்லும் படியும் கெடாமல் இருக்கவேண்டும், அவ்வளவே. ஆதலால் பழைய தராசொன்று உங்கள் வீட்டில் இருப்பின், முதலில் அதன் குறிகளைப் படியுங்கள். பிறகு விலையைப் பேசுங்கள்.